கேள்வி கேட்கக் கூடாத மதியங்கள்

என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து மாதம் ஆனது. ஊரில் சிலருக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே சோபாவில், தினமும் மதியம் இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் பார்க்கிற டிவி தொடர்கள்தான் காரணம்.

தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். பட்டா, சிட்டா, அடங்கல் என்று காகிதத்தோடு வாழ்ந்து முடித்துவிட்டு, தஞ்சாவூர் ஜில்லா பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரோடு வந்து உட்கார்ந்தேன். ஊரில் இன்றைக்கும் ஆபீசரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோபக்காரி என்ற பெயரும் உண்டு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் 'கேள்வி கேக்காம உக்காருங்க, கூப்பிடுவோம்' என்று சொல்லிச் சொல்லியே என் வாய்க்கு அந்த ருசி பழகிவிட்டது. ஓய்வு பெற்ற வருஷம், வெளிநாட்டில் இருக்கும் மகள் ஒரு பெரிய டிவியை வாங்கி மாட்டி, அவள் பணம் கட்டிப் பார்க்கும் தளங்களையெல்லாம் எனக்கும் திறந்துவிட்டாள். "கோயில், குளம்னு போறேன்னு சொல்லாத, நீ போக மாட்ட. இதைப் பாரு" என்றாள். பெற்ற பெண்ணுக்குத் தெரியாதா!

எனக்குப் பிடித்தது ஒரே வகைதான். தலையும் இல்லாத, காலும் இல்லாத வகை. குளிர் நாட்டில் ஒரு சின்ன ஊர். வாரத்துக்கு ஒரு வீடு காணாமல் போகிறது. அந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. அதுவும் நேற்று முளைத்த புல்லாக இருக்காது, பல வருஷமாய் அங்கேயே இருந்த மாதிரி முற்றிய புல். யாரும் தேடுவதில்லை, அழுவதில்லை. தபால்காரன் பையில் மட்டும் கொடுக்க முடியாத கடிதங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. கடைசி பாகத்தில் அவனால் அந்தப் பையைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான் கதை. அதைப் பார்த்து முடித்த அன்று நான் இரண்டு டம்ளர் காபி குடித்தேன். இன்னொன்றில் ஒரு ஆபீஸ் லிஃப்ட். மூன்றாம் மாடியில் கதவு திறந்தால் ஏரி. வேலை பார்ப்பவர்கள் பேன்ட்டை மடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து, ஃபைலை நனையாமல் பிடித்தபடி போகிறார்கள். எங்கள் ஆபீஸ் கட்டடம் மழைக்காலத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அது ஒன்றும் கற்பனையாகத் தோன்றாது.

இந்த விஷயத்தில் எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு, யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். விபரீதம் நடக்கிற வீட்டில் உலை கொதிக்க வேண்டும். ஆகாயம் பச்சையாக மாறினாலும் அந்த வீட்டுப் பெண் துணியைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்க வேண்டும். அப்போதுதான் பயம் வரும். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு ஓடினால் எனக்குக் கொட்டாவிதான் வரும். ஏன் இப்படி ஆகிறது என்று விளக்க ஒரு விஞ்ஞானியைக் கூட்டிக்கொண்டு வந்தால் அங்கேயே அணைத்துவிடுவேன். எல்லாம் கனவு என்று முடிக்கிறவர்களை மன்னிக்கவே மாட்டேன். பத்து பாகம் பார்க்க வைத்துவிட்டு அப்படி முடித்த ஒருவனை நினைத்து ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான் பார்ப்பது வேடிக்கை. "ஒண்ணுமே புரியாததைப் போயி இம்புட்டு நேரம் பாக்குறீங்களேக்கா" என்பாள். அவள் பார்ப்பது நம்மூர் மெகா சீரியல். நானும் விடமாட்டேன். உன் சீரியலில் நேற்று வரைக்கும் ஒரு முகம் இருந்த புருஷனுக்கு இன்றைக்கு வேறு முகம். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போடுகிறார்கள். பெண்டாட்டி புது முகத்துக்குக் காபி கொடுக்கிறாள், பிள்ளைகள் அப்பா என்கிறார்கள், ஒருத்தரும் திடுக்கிடுவதில்லை. இதைவிட விபரீதமாய் எந்த வெள்ளைக்காரன் எடுத்துவிட்டான் என்று கேட்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

வீட்டுக்காரருக்கு டிவி என்றால் செய்தியும் மழை நிலவரமும் மேட்டூர் நீர்மட்டமும்தான். எங்களுக்குப் பதினோரு மா நிலம், ஏக்கர் கணக்கில் மூன்றரைக்கு மேல் வரும். குடமுருட்டியிலிருந்து பிரிகிற வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கிறது. நாற்பது வருஷமாக அதை அவர் ஒருத்தர்தான் பார்க்கிறார். எந்த வரப்பில் நண்டு வளை இருக்கிறது, எந்த மடையில் தண்ணீர் கசியும் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். முட்டி வலி வந்த பிறகு மதிய வெயிலில் வயலுக்குப் போவதை நிறுத்தினார். சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகல் நேரத்தில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது.

ஆனால் மனிதர் கேள்வி கேட்டார். கேள்வி என்றால் கொஞ்ச நஞ்சமில்லை. "இவன் யாரு?" என்பார். சொல்வேன். கொஞ்ச நேரம் கழித்து "இவன்தான் செத்துட்டானே?" என்பார். அவன் சாகவே இல்லை. "இவ அவனோட தங்கச்சியா?" என்பார். அவள் பெண்டாட்டி என்று முதல் பாகத்திலேயே சொல்லியாகிவிட்டது. நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் ரிமோட்டை டீப்பாய் மேல் வைத்துவிட்டு, தாலுகா ஆபீஸ் குரலில் சொன்னேன்: "இதெல்லாம் புரியாமதான் பாக்கணும். எனக்கே புரியல. இனிமே கேள்வி கேக்கக் கூடாது. பேசாம பாருங்க."

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தரம் வாயெடுத்தார். ஒவ்வொரு தரமும் நான் திரும்பாமலே "பேசாம பாருங்க" என்றேன். ஒரு மாதத்தில் கேள்விகள் நின்றுவிட்டன. பழகிவிட்டார் என்று நினைத்தேன். என் ரசனை அவருக்கும் வந்துவிட்டது என்று மகளிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொடர் ஆரம்பித்தோம். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் அறை குறைகிற வீடு. ஒரு ஆள், அவன் மனைவி, எட்டு அறை உள்ள பழைய வீடு. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு அறை இல்லாமல் போகிறது. கதவு இருந்த இடத்தில் சுவர் இருக்கிறது, சுவரில் பழைய காலண்டர் தொங்குகிறது. மனைவிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவளுக்கு அந்த வீட்டில் எப்போதுமே ஏழு அறைதான், அடுத்த வாரம் ஆறுதான். அவன் மட்டும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவான். அவளிடம் எதையும் சொல்ல மாட்டான். நான் பார்த்ததிலேயே உருப்படியான தொடர் அதுதான்.

அதை இவர் கண் கொட்டாமல் பார்த்தார். ஒரு மதியம் திடீரென்று, "போன தடவை சமையக்கட்டு இந்தப் பக்கமில்ல இருந்துச்சு" என்றார். திருப்பி ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான், நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். அசந்துபோய், "உங்க மூளைக்கு நீங்க எங்க ஆபீஸ்ல இருந்திருக்கணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் எங்கள் வீட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கப் போனார் என்று நினைத்தேன்.

இப்போது உட்கார்ந்து யோசித்தால் வரிசையாக வருகிறது. பாபநாசத்துக்கு மொபெட்டில் போனவர் பஸ்ஸில் திரும்பி வந்தார். வண்டி எங்கே என்று கேட்டதற்கு, யாரோ கொண்டு போய்விட்டார்கள் என்றார். உரக்கடை வாசலில் பூட்டியபடி நின்றது வண்டி. வயசு என்று நினைத்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் மூன்று தரம் காபிப்பொடி வாங்கி வந்தார். அதற்குக் கத்தினேன். ஒரு நாள் என் தங்கையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அதற்கும் கத்தினேன், அது வேறு விஷயமென்று நினைத்து.

பிறகு ஆற்றில் தண்ணீர் வந்தது. குறுவைக்கு எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் விடுவார்கள். கடைக்கோடியில் இருப்பவர்கள் அந்த முறைக்குள் நாற்றங்காலில் விதைத்துவிட வேண்டும். தவறினால் நாற்று பிந்தும், நடவு பிந்தும், அறுப்பு மழையில் மாட்டும். விதை விஷயத்தில் மட்டும் இவர் யாரையும் கிட்டே விடமாட்டார். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, ஈரச் சாக்கில் கட்டி, கொட்டகை மூலையில் வைக்கோல் போட்டு மூடி, மேலே ஒரு கல்லை வைப்பார். மறுநாள் அதே நேரத்துக்குப் பிரித்தால் நெல்லின் நுனியில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அன்றைக்கே தெளிக்க வேண்டும். சாக்கைக் கட்டியதும் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் கிழமையும் நேரமும் எழுதிவைப்பது அவர் பழக்கம். நாற்பது வருஷமாக ஒரு தரம்கூட நேரம் தப்பியதில்லை.

அந்தப் புதன்கிழமை காலை நடவுக்கு ஆள் கூட்டி வருகிற பெண் வாசலில் வந்து நின்றார். எங்கள் வயலில் மிஷின் இறங்காது, அவர் கூட்டி வரும் ஆட்கள்தான் நடுவார்கள்.

"ஆபீசரம்மா, விதை தெளிச்சாச்சுங்களா? நானும் திங்கக்கெழமைலேர்ந்து கேக்குறேன். ஐயா நாளைக்கு நாளைக்குன்னே சொல்றாரு. மொறத் தண்ணி இன்னையோட போயிரும்மா."

எனக்கு அப்போதும் அவர் மேல்தான் எரிச்சல் வந்தது. இவர் ஏதோ நல்ல நேரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனேன். பத்தடி தூரத்திலேயே புளித்த வாடை அடித்தது. கிட்டே போனதும் கதவைப் பார்த்தேன்.

ஞாயிறு காலை ஆறு, என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே திங்கள் காலை ஆறு. அதற்குக் கீழே செவ்வாய் காலை ஆறு. அதற்குக் கீழே புதன் காலை ஆறு. நான்கும் அவர் கையெழுத்து. நான்கும் நேர்கோட்டில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதின மாதிரி சுத்தமாக இருந்தன. தினமும் காலையில் கொட்டகைக்கு வந்திருக்கிறார். கட்டிவைத்த சாக்கைப் பார்த்திருக்கிறார். இப்போதுதான் கட்டினோம் என்று நினைத்து நேரத்தை எழுதியிருக்கிறார். மேலே ஏற்கெனவே எழுதியிருந்தது அவர் கண்ணில் பட்டும் மனதில் படவில்லை.

உள்ளே சாக்கு உப்பிக் கிடந்தது. சணல் இழைகளின் சந்து வழியாக வெள்ளை வெள்ளையாக வேர் வெளியே வந்து, சாக்கு முழுக்க மயிர் முளைத்த மாதிரி இருந்தது. மேலே வைத்த கல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கையை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. நான் பார்க்கிற தொடரில் இப்படி ஒரு காட்சி வந்திருந்தால் நன்றாக எடுத்திருக்கிறான் என்று சொல்லியிருப்பேன். என் கொட்டகையில், என் கைக்குக் கீழே அது சூடாக இருந்தபோது கையை இழுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

அவர் பின்னால் வந்து நின்றார். சாக்கைப் பார்த்தார். "யாரு இப்புடி ஊறப்போட்டது? அறிவிருக்கா?" என்று கோபமாகக் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

வாசலிலிருந்து கூடவே வந்திருந்த பெண் என் கையைப் பிடித்து ஒரு ஓரமாகக் கூட்டிப்போனார். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். "போன வருசம் சம்பா நடவுலயே ஐயா என்கிட்ட, நீ யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டாரும்மா. முப்பது வருசமா வர்றேன். வெளையாடுறாருன்னு சிரிச்சேன். மறுநாளும் கேட்டாரு. வீட்டுல நீங்க பாத்துக்கிட்டுதான இருப்பீங்கன்னு நான் வாயத் தொறக்கல."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தினமும் இரண்டு மணி நேரம். ஆளும் முகமும் மாறுகிற கதைகளை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அவருக்கு எதுவும் புரியாதபோதெல்லாம் தொடர் அப்படி என்று நினைத்தேன். நேரான கதை எதையாவது பார்த்திருந்தால் இரண்டாம் நாளே பிடித்திருப்பேன். இவருக்குப் பதில் இவர் என்று சீரியல்காரனாவது ஒரு வரி போடுகிறான். என் வீட்டில் யார் போடுவார்கள்? அன்று கொட்டகையில் நின்று நான் அழுதேன். அந்தப் பெண் சாக்கை இழுத்துப் போய் எருக்குழியில் கொட்டிவிட்டு வந்தார்.

தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டினோம். காகிதத்தில் கடிகாரம் போடச் சொன்னார். வட்டம் அழகாகப் போட்டுவிட்டு, எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கி வைத்தார் இவர். அடுக்கிவிட்டு, சரிதானே என்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார். "எப்பலேர்ந்துங்கம்மா கவனிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் அந்தக் காகிதத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தேன். மருந்தால் முழுக்கத் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம் என்றார். கிளம்பும்போது சொன்னார்: "கேட்டதையே கேப்பாங்க. நூறு தடவை கேட்டாலும் பதில் சொல்லுங்க. அதட்டிட்டா பயந்துபோய் உள்ளயே வெச்சுக்குவாங்க."

அடுத்த முறைத் தண்ணீருக்கு விதையை நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து ஊறவைத்தோம். நேரத்தை நானே கதவில் எழுதினேன், பழைய நான்கு வரியையும் ஈரத்துணியால் அழித்துவிட்டு. மறுநாள் இவர் தானாக வந்து சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இன்னும் மூணு மணி நேரம் போவணும். இப்பப் பிரிச்சா அரைமொளையாப் போயிரும்" என்றார். மூன்று மணி நேரம் கழித்துப் பிரித்தோம். அவ்வளவு சரியான முளை. அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கும் நெஞ்சு நிறைந்தது. இவர் ஒரு பிடி விதையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "நல்ல வெத. யாரு வயலுக்கு?" என்று கேட்டார்.

"நம்ம வயலுக்குங்க" என்றேன். அன்று மாலைக்குள் பதினாறு தரம் சொன்னேன். ஒரு தரம்கூடக் குரல் உயர்த்தவில்லை.

மதியங்களை மட்டும் நான் நிறுத்தவில்லை. செய்திக்கு மாற்றினால் அவர் எழுந்து எழுந்து போகிறார். அதனால் அறை குறைகிற வீட்டையே விட்ட இடத்திலிருந்து போட்டேன். கடைசி பாகத்துக்கு முந்தின பாகம் அது. ஒரே ஒரு அறை மிச்சம். அதில் கட்டில், அடுப்பு, மேஜை எல்லாம். மனைவி அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருக்கிறாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான்கு சுவரையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். "என்ன வேணா கேளுங்க. நான் சொல்றேன்" என்றேன். அவர் மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு, ஆபீஸில் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். இன்னொரு தரம் சொன்னேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சரி, நானே கேட்போம் என்று கேட்டேன். "ரூம் ஒவ்வொண்ணாப் போவுதே, இவனுக்கு அது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றார் உடனே.

"தெரிஞ்சா பொண்டாட்டிகிட்டச் சொல்ல வேண்டியதுதான? ஏன் சொல்லாம உக்காந்திருக்கான்?"

அவர் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"மொதல்ல கேட்டான். தெனம் கேட்டான். அவதான், பேசாம பாருங்கன்னுட்டா."

அந்தத் தொடரை நான் ஒரு பாகம் விடாமல் பார்த்திருக்கிறேன். அவன் மனைவி ஒரு தரம்கூட அப்படிச் சொன்னதில்லை.